நாலு பிறையும் பத்து நாளும்

கொங்காவல, மாத்தளை
22.08.1966

அன்புள்ள நானாவுக்கு,

இந்தக் கடிதம் உங்களையும் ஸைனம்பு மதினியையும் பிள்ளைகளையும் ஸலாமத்தாகக் கண்டு சேரட்டும். நான் சுகம். தலைவலி விட்டுப் போயிற்று. மதினியின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? எழுதுங்கள்.

இவர் மவுத்தாகி இன்றோடு பதினேழு நாள். ஏழாம் நாள் கத்தம் ஓதி நீங்கள் எல்லாரும் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. நான் நடு அறையில் இத்தா இருக்கிறேன், புருஷன் போனவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்க வேண்டியதுதானே. வெள்ளைச் சேலை இரண்டையும் மாற்றி மாற்றி உடுத்துகிறேன். மேற்குப் பக்க ஜன்னலின் கீழ்ப் பாதியை அட்டை வைத்து அடைத்தாயிற்று. மேல் பாதியில் பாக்கு மரத்தின் தலையும் கொஞ்சம் வானமும் தெரியும். ஆகாயத்தைப் பார்க்கத் தடையில்லை என்று பள்ளிவாசல் ரவூப் லெப்பையின் மனைவி சொன்னாள். சாமான் வாங்கித் தருவது பக்கத்து வீட்டு நோனா. இவர் வேலை செய்த கொக்கோ ஸ்டோரிலிருந்து இவருடைய செருப்பையும் தராசு துடைக்கிற துணியையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். செருப்பை வாசலில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

ஒரு விஷயம். டிசம்பர் பரீட்சைக்கு ஆங்கிலப் பாடம் எழுத நான் விண்ணப்பித்தது உங்களுக்குத் தெரியும். இவர்தான் ஜூலையில் தன் கையாலேயே தபால் கந்தோருக்குக் கொண்டு போனார். பெண்கள் பாடசாலைக்கு ஆங்கில உதவி ஆசிரியை எடுக்கப் போகிறார்கள். அந்தப் பாடம் சித்தியடைந்திருந்தால் போதும், ஆனால் வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. எனக்கு வருகிற ஏப்ரலில் முப்பத்தாறு. ஆகவே எனக்கு இருப்பது இந்த ஒரு டிசம்பர்தான்.

என்னிடம் உள்ள பாடப்புத்தகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பதின்மூன்று வயதில் நான் பெரிய பிள்ளையானதும் வாப்பா பாடசாலையை நிறுத்தினாரே, அப்போது திருப்பிக் கொடுக்காமல் என்னிடம் தங்கிவிட்ட அந்த நாவல். நூறு வருஷமாகச் சீமையில் விடாமல் வாசிக்கிற கதை என்று டீச்சர் சொன்னார். அட்டை போய்விட்டதால் பெயர் தெரியாது. இப்போது நாலாம் தடவை வாசிக்கிறேன். எனக்குப் பிடிபடாதது இறந்தகாலம். நாவல் முழுக்க இறந்தகாலம். அதனால் ஓர் ஏற்பாடு: தினம் நாலு பக்கம் வாசிப்பது, அன்றைக்கு நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனமாகத் தேதி போட்டு எழுதுவது. இத்தாவில் இருக்கிறவளுக்கு என்ன நடக்கும் சொல்லுங்கள். 'நோனா முருங்கைக்காய் கொண்டு வந்தாள்.' 'பாக்கு மரத்தின் மேல் பிறை தெரிந்தது.' 'பல்லி விழுந்தது.' இப்படி ஒன்பது வசனம் சேர்ந்திருக்கிறது. நீங்கள் சீனியர் பாஸ் பண்ணியவர். திருத்தி அனுப்புங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்
ஹமீமா


பல்லேகம
05.09.1966

எனதருமைத் தங்கச்சிக்கு நானா ஜுனைதீன் ஸலாத்துடன் எழுதுவது.

உன் கடிதம் ஆறு நாள் கழித்துக் கிடைத்தது. ரத்தோட்டைப் பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. மதினியின் கால் இப்போது பரவாயில்லை. எனக்கு வழக்கமான இருமல்.

ஒன்பதில் நாலு பிழை. பல்லி விழுந்தது சரி. பிறை தெரிந்ததும் சரி. சரியானவற்றுக்குப் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். வாசி, எழுது, மனசு வேறு பக்கம் போகாது.

இத்தாக் கணக்கை நீ பார்க்கத் தேவையில்லை. அது ஆண்கள் பார்க்க வேண்டியது, நான் பார்த்துவிட்டேன். மச்சான் மவுத்தானது ஆகஸ்ட் ஐந்து. நாலு மாதம் என்றால் டிசம்பர் ஐந்து. பத்து நாள் கூட்டினால் டிசம்பர் பதினைந்து. கடைச் சுவர்க் கலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டேன். பதினைந்தாம் தேதி நான் வருகிறேன்.

இத்துடன் ஒரு போத்தல் கித்துள் பாணி வருகிறது. ஸைனம்புவின் தம்பி சாலிஹ் கொடுத்தான். வில்கமுவையில் நெல் மில் வைத்திருக்கிறானே, அவன்தான். பெண்சாதி போய் ஒரு வருஷம், மூன்று பிள்ளைகள். உன் செய்தி கேட்டு மிகவும் வருந்தினான். இதை ஒரு செய்தியாகத்தான் எழுதுகிறேன்.

உன் நலம் நாடும் நானா
ஜுனைதீன்


கொங்காவல, மாத்தளை
19.09.1966

அன்பான நானாவுக்கு ஸலாம்.

எல்லாரும் சுகம்தானே? இருமலுக்கு ஆடாதோடை அவித்துக் குடியுங்கள், கடைச் சுருட்டைக் குறையுங்கள். பாணி கிடைத்தது. நல்ல பாணி. பாதியை நோனாவுக்குக் கொடுத்தேன்.

பரீட்சைத் தேதி பத்திரிகையில் வந்துவிட்டது. ஆங்கிலம் டிசம்பர் பதின்மூன்று, காலை ஒன்பது மணி. உங்கள் சிவப்பு வட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி.

இரண்டு நாள், நானா. நான் அழவில்லை. பத்திரிகையை மடித்து அலுமாரியில் வைத்தேன். பிறகு எடுத்துத் திரும்பவும் பார்த்தேன், தேதி மாறவில்லை. ஏதாவது வழி உண்டா என்று தெரிந்த ஆலிம்களிடம் கேட்டு எழுதுங்கள். நான் இங்கிருந்து யாரிடம் கேட்க முடியும்?

இங்கே ஒரு கூத்து. ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிவிட்டு, நிலாவைப் பார்த்து வருகிற போயா நாளை லீவாக்கினதிலிருந்து எது பாடசாலை நாள், எது லீவு என்று பிள்ளைகளுக்கே தெரியவில்லை. நோனாவின் மகள் காலையில் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று, "அக்கா, இண்டைக்கி இஸ்கோல் இருக்கா?" என்று கேட்பாள். நான் நேற்றுப் பார்த்த நிலாவை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்லுவேன். இதுவரை ஒரு நாளும் பிழைக்கவில்லை. இத்தாவில் இருந்துகொண்டு நான் கலண்டர் உத்தியோகம் பார்க்கிறேன்.

நாவலில் நூறாம் பக்கம் தாண்டிவிட்டேன். உங்களுக்குக் கதை சொன்னேனா? ஆற்றுப் பாதையில் ஒரு சுங்கக் கேட். கேட் காவல்காரர் இறந்துபோக, மகள் வினிஃப்ரெட்டும் அவள் அண்ணன் சைமனும் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அந்தப் பாதையில் ஒரு தரமாவது தானே போக வேண்டும் என்று ஆசை. பதின்மூன்று வயதில் வாசித்தபோது எனக்கு அதில் வருகிற சாம்பல் குதிரைக்காரனை மட்டும்தான் பிடித்தது. மற்றப் பக்கங்களைத் தள்ளிவிட்டு அவனைத் தேடுவேன். வெட்கக்கேடு.

இருபத்தெட்டு வசனம் இத்துடன். பதினாறாம் தேதி பிறையும் அதில் உண்டு.

என்றும் உங்கள் தங்கை
ஹமீமா


பல்லேகம
07.10.1966

அன்புத் தங்கச்சிக்கு,

அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தருவானாக. இங்கே எல்லாரும் சுகம். பதில் தாமதித்ததற்குக் காரணம் வேலை, வேறொன்றுமில்லை.

நீ கேட்ட விஷயத்தை யோசித்தேன். தேவைக்குப் பகலில் வெளியே போகலாம் என்று மார்க்கக் கிதாபில் இருக்கிறதுதான். ஆனால் பரீட்சை தேவையா என்று ஊர் கேட்கும். மருந்துக்குப் போனாள் என்றால் ஒரு பேச்சு, பேனையும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள் என்றால் வேறு பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இரண்டு நாள்தானே என்று நீ நினைக்கலாம். மார்க்கத்தில் இரண்டு நாளும் இரண்டு வருஷமும் ஒன்றுதான். இது உனக்கு எழுதப்படவில்லை என்று எடுத்துக்கொள்.

சாலிஹ் வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறான். கிணற்றுக்குச் சுற்றுக் கட்டியிருக்கிறான். கடைசிப் பெண் பிள்ளைக்குத் தலை வாரிவிட ஆளில்லை, பார்க்கப் பரிதாபம். மேலே ஒன்றும் எழுதக் கூடாது, நீ இருக்கிற நிலையில் அதைப் பேசுவது ஹராம். ஆனால் ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். எல்லாம் காலத்தில் நடக்க வேண்டும்.

இருபத்தெட்டில் ஐந்துதான் பிழை. முன்னேற்றம்.

துஆவுடன்
ஜுனைதீன்


கொங்காவல, மாத்தளை
24.10.1966

மதிப்புக்குரிய நானாவுக்கு,

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆரோக்கியம் உண்டாகட்டும். எனக்குச் சளி, இஞ்சியில் அடங்கிவிட்டது.

நீங்கள் எழுதாததெல்லாம் விளங்கிற்று. பிள்ளைக்குத் தலை வாரத் தெரியாவிட்டால் சாலிஹ் மச்சானைப் படித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மில் ஓட்டத் தெரிந்தவருக்குச் சீப்புப் பிடிக்கத் தெரியாதா?

பரீட்சை போனது போனதுதான் என்று நானும் மூன்று நாள் இருந்து பார்த்தேன். கொப்பியைத் திறக்கவில்லை. நாலாம் நாள் கை தானாகத் தேடிற்று. பிள்ளைகள் தெருவில் "பிறை, பிறை" என்று கத்தினார்கள், அதை எழுதி வைத்தேன். பழக்கத்தை விட மனமில்லை. இத்துடன் வருகிறது, திருத்துங்கள். பரீட்சை இல்லாவிட்டாலும் பிழை பிழைதானே.

கதையில் ஒரு ஆள் இப்போதுதான் என் கண்ணில் படுகிறான். அண்ணன் சைமன். முதல் மூன்று தடவையும் அவனை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் தடவை பத்தொன்பது வயதில் வாசித்தேன், அப்போது கலியாணச் சீலைகளும் விருந்துகளும்தான் மனசில் நின்றன. மூன்றாம் தடவை இருபத்தேழில், ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்காமல் போனபோது. மழை அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். இப்போது பார்த்தால் சைமன் இல்லாத பக்கமே இல்லை. தினம் பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டித் திறப்புக் கொத்தை இடுப்பில் மாட்டிக்கொள்கிறான். கெட்டவனில்லை. தங்கச்சிக்குச் சூப் காய்ச்சிக் கொடுக்கிறான். பிறகு பூட்டுகிறான்.

அன்புடன்
ஹமீமா


பல்லேகம
10.11.1966

தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல். மிளகு காயப்போடும் காலம், மழையோ விடுவதாயில்லை, நீண்ட கடிதத்துக்கு நேரமில்லை.

பதினைந்தாம் தேதி லொறியோடு வருகிறேன். உன் உடுப்பு, இரண்டு அலுமாரி, குசினிச் சாமான் எல்லாம் ஏற்றலாம். வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆள் இருக்கிறது. ஒரு பெண் தனியாக ஒரு வீட்டில் எத்தனை நாள் இருப்பது? நீ எங்களோடு கொஞ்ச நாள் இரு, பிறகு நடப்பது நடக்கட்டும்.

உன் கதையை நான் வாசித்ததில்லை. சைமன் பூட்டாவிட்டால் கள்ளன் வருவான்.

வசனங்களில் பாதிதான் பார்த்தேன். பார்த்தவை சரி.

ஜுனைதீன்


கொங்காவல, மாத்தளை
29.11.1966

அன்பு நானாவுக்கு,

மழையில் நனைந்து இருமலைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். நான் சுகம்.

இன்று நாவல் முடிந்தது. குர்ஆன் கத்தம் ஓதி முடித்தால் எழும்பாமல் முதல் சூறாவைத் திரும்ப ஓதி வைப்போமே, அந்தப் பழக்கம் எனக்கு இந்தப் புத்தகத்திலும் வந்துவிட்டது. அல்லாஹ் மன்னிக்கட்டும். கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போகப் புத்தகத்தைப் புரட்டினபோது, பின்னால் ஒட்டியிருந்த வெற்றுத்தாள் ஈரத்தில் பிரிந்து வந்தது. அதில் பென்சில் எழுத்து. என் எழுத்துத்தான், பத்தொன்பது வயது எழுத்து. அப்போதும் இப்படித்தான் வசனம் எழுதிப் பழகியிருக்கிறேன், மறந்தே போனேன். வாப்பா மவுத்தாகி உம்மா இத்தா இருந்த வருஷம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்:

'என் சகோதரன் பிறைகளை எண்ணினான். உம்மா இன்று அறையை விட்டு வெளியே வந்தாள். நாளை என் சகோதரனுக்குக் கலியாணம்.'

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. ஐம்பதாம் ஆண்டு ஜூன் மாதம். நோன்பு வந்துகொண்டிருந்தது, கலியாணத்தைத் தள்ளிப் போட இடமில்லை. கலண்டர் கணக்கில் உம்மாவுக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம். நீங்கள் லெப்பையை வீட்டுக்கு அழைத்துவந்து எல்லார் முன்னும், "நாலு மாசமெண்டா பிறை மாசம்தான், வெள்ளைக்காரன்ட மாசமில்ல" என்று சொன்னீர்கள். உம்மா குளித்து, உங்களுக்கு மாப்பிள்ளைத் தொப்பி வைத்துவிட்டா.

என் கொப்பியையும் எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் பதினெட்டு, செப்டெம்பர் பதினாறு, ஒக்டோபர் பதினைந்து, நவம்பர் பதினாலு. நாலு பிறையும் அதில் இருக்கின்றன. அவற்றில் மூன்றுக்குப் பக்கத்தில் சரி என்று கோடு போட்டது நீங்கள். இவர் மவுத்தானது பிறை பதினேழில். பிறை பதினேழிலிருந்து எண்ணிப் பத்து நாள் கூட்டினால் டிசம்பர் பதினொன்று பொழுது சாய்ந்து மஃரிபோடு என் இத்தா முடிகிறது. பரீட்சை பதின்மூன்று.

பென்சில் வசனங்கள் மூன்றையும் ஆங்கிலத்தில் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டிலும் பிழை இருக்கிறதா என்று திருத்தி உடனே அனுப்புங்கள். மூன்றாவது இறந்தகாலமில்லை, அதை விட்டுவிடுங்கள்.

ஹமீமா


கொங்காவல, மாத்தளை
09.12.1966

நானாவுக்கு,

எல்லாரும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

பதில் வரவில்லை. பாதை உடைந்திருக்கலாம். ஆனால் நேற்று பல்லேகமையிலிருந்து நோனாவின் மச்சானுக்குக் கடிதம் வந்தது.

எனக்குக் கோபம், நானா. நேராகவே எழுதுகிறேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். உங்கள் கலியாணத்துக்கு வானத்தில் இருந்த பிறை என் பரீட்சைக்கு எங்கே போயிற்று? மறந்தீர்கள் என்று நம்ப எனக்கு ஆசை. இரண்டு நாளாக முயன்று பார்க்கிறேன், முடியவில்லை.

ரவூப் லெப்பையிடம் அவர் மனைவி மூலம் கேட்டேன். பிறைக் கணக்குத்தான் சரி, ஆனால் உன் நானா பதினைந்து என்று பள்ளிவாசல் ஜமாஅத்தில் சொல்லியிருக்கிறாரே, குடும்பத்து ஆண் சொன்னதற்கு மாறாக நான் எப்படிச் சொல்ல, என்றாராம். ஜமாஅத்துத் தலைவர் மர்சூக் ஹாஜியாரும் கேள்விப்பட்டு, பார்க்கிறேன் எப்படிப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறார்.

பதினொன்று மஃரிபுக்குப் பிறகு குளிப்பேன். பதின்மூன்று காலை போவேன். நீங்கள் வந்தால் உங்களோடு போவேன், வராவிட்டால் குடையோடு போவேன்.

ஹமீமா


கொங்காவல, மாத்தளை
17.12.1966

நானாவுக்கு ஸலாம்.

நோன்பு நாலாம் நாள். நல்ல உடம்போடு பிடிக்கிறேன். உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். பதின்மூன்று காலை நல்ல மழை. வெள்ளைச் சேலைதான் உடுத்தினேன், வேறு நிறம் உடுத்தப் பிடிக்கவில்லை. கறுப்புக் குடை இவருடையது. நோனா பாதித் தூரம் கூட வந்து, மகளுக்குச் சோறு போட வேண்டும் என்று திரும்பிவிட்டாள். நாலு மாதம் நடக்காத கால், சப்பாத்து கடித்தது. பயத்தில் வினைச்சொற்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பாடசாலை வாசலுக்கு எதிரே மர்சூக் ஹாஜியாரும் இன்னொருவரும் நின்றார்கள். என்னைக் கண்டதும் ஹாஜியார் பாதைக்கு இறங்கினார். நான் குடையைத் தாழ்த்தினேன். அப்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல இருவரும் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்து உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது யாருமில்லை.

மண்டபத்தில் எல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைகள். ஒருத்தி என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழும்பி நின்றாள். 'உங்கள் வீட்டில் ஒரு நாள்' என்று ஒரு கட்டுரை. பல்லி விழுந்ததிலிருந்து தொடங்கினேன்.

பதினைந்தாம் தேதி லொறிக்காகக் காத்திருந்தேன், வந்தால் திருப்பி அனுப்பலாம் என்று. லொறி வரவில்லை. நான் இந்த வீட்டில்தான் இருப்பேன். அலுமாரிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஹமீமா


பல்லேகம
20.02.1967

தங்கச்சி ஹமீமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மதினிக்குக் கால் பழையபடி.

உன் தாள்கள் எல்லாவற்றையும் பார்த்துத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். மிச்சமிருந்தவற்றில் மூன்று பிழை. பென்சில் வசனங்களில் பிழை காணவில்லை.

சாலிஹுக்கு ஹெட்டிப்பொலையில் பெண் முடிந்தது. பரீட்சை முடிவு வந்தால் எழுது.

ஜுனைதீன்


கொங்காவல, மாத்தளை
11.08.1974

அன்புள்ள நானாவுக்கு,

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இருமலுக்குக் கண்டியில் காட்டினீர்களாமே, என்ன சொன்னார்கள்? மதினி கைத்தடியோடு நடக்கிறாவாம். எனக்கு இப்போது கண்ணாடி.

முடிவு வந்த அன்று சித்தி என்ற ஒரே சொல்லை எழுதிக் கார்டு போட்டேன். அதற்குப் பிறகு ஏழு வருஷமாகப் பெருநாள் கார்டைத் தவிர உங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. பாடசாலையில் வேலை அதிகம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று ரவூப் லெப்பை பேத்தியை என் வகுப்பில் சேர்க்கச் சொல்லி வீட்டுக்கு வந்தார். பார்வை மங்கிவிட்டது. பேச்சோடு பேச்சாக, "ஒங்கட நானா அண்டைக்கி மழையில நனஞ்சி வந்து சொல்லாட்டி ஹாஜியார் லேசில விட்டிருக்க மாட்டார் தங்கச்சி" என்றார். எனக்கு விளங்கவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினேன். அறுபத்தாறு டிசம்பர் பதின்மூன்று காலை நீங்கள் அந்த வாசலில் நின்றீர்களாம். ஹாஜியாரைக் கூப்பிட்டு நிறுத்தி, உம்மாவின் இத்தாவுக்குப் பிறை எண்ணினது நான்தான், தங்கச்சிக்குப் பதினைந்து என்று நான் சொன்னது பிழை, என்றீர்களாம். பிறகு பள்ளிவாசலுக்குப் போய் ஜமாஅத் முன்னாலும் அதையே சொன்னீர்களாம்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை, நானா? ஏழு வருஷம்.

இந்த லீவில் நாவலை ஐந்தாம் தடவை எடுத்திருக்கிறேன். வினிஃப்ரெட் வீட்டை விட்டுப் போகிற அன்று கேட் பூட்டாமல் கிடக்கிறது. நாலு தடவையும் அவளுடைய நல்ல காலம் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். யார் திறந்துவிட்டது என்று எழுதினவர் சொல்லவில்லை. திறப்பு ஒரே ஆளிடம்தான் இருந்தது.

என்னை மன்னியுங்கள்.

உங்கள் ஹமீமா


பல்லேகம
19.08.1974

என் கண்ணான தங்கச்சிக்கு,

உனக்கும் உன் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் நானாவின் ஸலாம். நெஞ்சில் சளி என்றார்கள். சுருட்டை விடச் சொன்னார்கள், விட்டேன். இரண்டு நாளைக்கு ஒன்றுதான்.

லெப்பை பாதிதான் சொல்லியிருக்கிறார். அவர் அறிந்தது அவ்வளவுதான். நீ மன்னிப்புக் கேட்டு எழுதின பிறகு மிச்சத்தை மறைத்தால் நான் மனிதனில்லை.

நான் மறக்கவில்லை. நீ இத்தாவில் உட்கார்ந்த அன்றே பிறைக் கணக்கு எனக்குத் தெரியும். முதலில் கலண்டரில் எண்ணியது ஒரு சோம்பல், இப்போது எல்லாரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். பரீட்சைத் தேதியை நீ எழுதின பிறகு அது சோம்பல் இல்லை. நீ உத்தியோகத்துக்குப் போனால் வில்கமுவைக்கு வர மாட்டாய். சாலிஹுக்கு நான் சொல் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதியே மாத்தளைக்கு வந்து கடைத்தெருவில் தங்கினேன். உனக்குத் துணையாக வரவில்லை. உன்னை வாசலில் மறித்துத் திருப்பிக் கூட்டிப்போக வந்தேன். ஹாஜியாரை அங்கே வரச் சொன்னதும் நான்தான். தனியே மறிக்க எனக்குத் தைரியமில்லை.

நீ வந்தாய். மச்சானுடைய குடையைப் பிடித்திருந்தாய். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாய் என்று நினைத்தேன். கிட்ட வந்தபோது கேட்டது, போ, போனேன், வா, வந்தேன் என்று இங்கிலிஷில் சொல்லிக்கொண்டு வருகிறாய். பக்கத்தில் நான் நிற்பதைக் காணவே இல்லை. என் தோளில் உன் குடைத் தண்ணீர் வடிந்தது. உம்மாவின் இத்தாவில் நீ மூலையில் இருந்து இப்படித்தான் முணுமுணுப்பாய், அந்தப் பிள்ளைதான் நரைத்துப் போய் நடக்கிறது. ஹாஜியார் இறங்கினார். நான் கூப்பிட்டேன். எதைச் சொல்லக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது லெப்பை உனக்குச் சொன்ன அந்தப் பேச்சுத்தான்.

சொன்னதற்காக நீ என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவாயோ என்று வெட்கம், அதனால்தான் எழுதவில்லை. நீ கோபமாக இருந்தது எனக்கு ஒரு வகையில் நிம்மதி.

லீவு முடிந்ததும் அந்தப் புத்தகத்தைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. எனக்கும் வயதாகிறது, இங்கிலிஷ் மறந்துகொண்டு போகிறது, தினம் நாலு பக்கம் வாசிக்கிறேன். பின்னால் இருக்கிற பென்சில் தாளைக் கழற்றிவிடாதே. அதோடு அனுப்பு.

உன் நானா
ஜுனைதீன்